நீர் அழுத்தம் உள்ள கண்ணில் புரை ஆபரேஷன்: கடலூர், பாண்டிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பக்கத்து வீட்டுப் பெரியவர் புரை எடுத்த மறுநாளே பேப்பர் படிக்கிறார். நம் வீட்டில் மட்டும் ஏன் "இன்னும் இருட்டாத்தான் இருக்கு" என்கிறார்கள்? கிளாக்கோமா, அதாவது கண்ணில் நீர் அழுத்தம், உள்ளவர்களின் வீட்டில் ஆபரேஷனுக்குப் பிறகு எழுகிற கேள்வி இது. கேட்க வேண்டிய நேரம் ஆபரேஷனுக்கு முன்பு.

என் அப்பாவுக்குப் பல வருடமாகக் கண்ணில் நீர் அழுத்தம் (இனி பிரஷர் என்று எழுதுவது இதைத்தான், ரத்த அழுத்தத்தை அல்ல). அதோடு புரையும் சேர்ந்துகொண்டது. கடலூருக்கும் பாண்டிக்குமாக அலைந்து, ஒவ்வொரு மேசையிலும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை நிறுத்துவது, மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டர் சொன்னால் மட்டும்.

1. மங்கலில் புரையின் பங்கு எவ்வளவு, பிரஷரின் பங்கு எவ்வளவு?

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது புரை. அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைக்கலாம். கிளாக்கோமாவில் கெடுவது லென்ஸ் அல்ல, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு. அதில் போன இழைகள் போனதுதான். சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் எல்லாமே மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான்.

அப்பாவைப் பார்த்த டாக்டரம்மா இதை நேராகவே சொன்னார்: "ஐயா, புரையை நான் எடுத்துடுவேன். பிரஷர் தின்ன இடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது." அப்பாவுக்குக் கொஞ்சம் முகம் வாடியது. ஆனால் பிறகு நடந்த எதற்கும் அவர் அதிர்ச்சி அடையவில்லை.

பொதுவாக நடப்பது இதுதான். கிளாக்கோமா ஆரம்பக் கட்டத்தில் இருந்தால், புரை எடுத்த பிறகு மற்றவர்களைப் போலவே நன்றாகத் தெரியும். நடுத்தரக் கட்டத்தில் எழுத்துப் பலகையில் கீழ் வரி வரை படித்துவிடுவார்கள், ஆனால் ஓரத்தில் விட்டுப்போன இடம் விட்டுப்போனபடியே இருக்கும். முற்றிய கட்டத்தில் வெளிச்சமும் நிறமும் கூடும், முகம் தெளியும், நடமாட்டம் எளிதாகும். படிக்கிற அளவுக்கு வருமா என்பது நடுப்பார்வை நரம்பு எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

6/60, 6/18, 6/6 என்று எழுதுகிறார்களே, அந்த எண் நடுப்பார்வையை மட்டும் அளக்கிறது. 6/9 வந்தவர் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார், தட்டின் ஓரத்தில் வைத்த ஊறுகாயைக் காணவில்லை என்பார். இரண்டும் ஒரே ஆளுக்கு நடக்கும். எண்ணை மட்டும் வைத்து "ஆபரேஷன் நல்லா வந்திருக்கு" என்றோ "கெட்டுப்போச்சு" என்றோ வீட்டில் சண்டை போட வேண்டாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: இந்த மங்கலில் புரை பாதியா, முக்கால்வாசியா? ஆபரேஷனுக்குப் பிறகு எந்த வரி வரை படிக்க வாய்ப்பு? ஃபீல்டில், அதாவது பார்வைப் பரப்பில், போன இடம் நடுப்பகுதியைத் தொடுகிறதா? தொடுகிறது என்றால் இன்னொன்றையும் கேளுங்கள். நடுப்பார்வை மட்டும் ஒரு சிறு தீவாக மிஞ்சியிருக்கும் கண்ணில், ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கடைசிப் பார்வையும் போய்விடுவது அரிதாக நடக்கும். அரிதுதான், ஆனாலும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் டாக்டர் வாயால் கேட்டுக்கொள்வது நல்லது. மற்றக் கண் ஏற்கெனவே போய்விட்ட ஒற்றைக் கண்காரர்கள் இதைக் கேட்காமல் தேதி வாங்கக் கூடாது.

2. எங்கே காட்டுவது

கடலூரிலிருந்து பாண்டிச்சேரி பஸ் ஏறினால் வழியிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை. 2003-லிருந்து இருக்கிறது, கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் தனித்தனி. அதற்கு முன்பே கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரிகள். பாண்டிக்குள் போனால் கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, ஊருக்குள் அரசு பொது மருத்துவமனை. இந்தப் பக்கம் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் பக்கத்தவர்களுக்கு அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

எங்கே போனாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இங்கே கிளாக்கோமாவுக்குத் தனிப் பிரிவோ தனி டாக்டரோ உண்டா? புரை ஆபரேஷன் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பிரஷர் எகிறினால் அதே இடத்தில் பார்க்க ஆள் இருக்கிறதா என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

இலவச முகாம்களில் பெயர் கொடுப்பவர்கள், "எனக்கு நீர் அழுத்தம் இருக்கு, இந்த மருந்து விடுறேன்" என்று முதல் மேசையிலேயே பாட்டிலைக் காட்டிவிடுங்கள். வரிசை நீளமாக இருக்கிறது என்று சொல்லாமல் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

விடுமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 16-ம் நவம்பர் 1-ம் புதுச்சேரி அரசு விடுமுறை; நம் கடலூர்க் காலண்டரில் சிவப்பாக இருக்காது. ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம், அதற்கு விடுமுறைப் பட்டியலே வேறு.

3. பையில் என்னென்ன இருக்க வேண்டும்

ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை அல்லது பாலிசி: அசலும் நகலும். ஆதாரில் ஒரு இனிஷியல், பாலிசியில் இன்னொரு இனிஷியல் என்றால் பணமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி கேட்கும்போது அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஓபி சீட்டு போடும்போதே பாலிசியில் உள்ளபடி பெயர் எழுதச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிது பழைய கிளாக்கோமா ஃபைல். பழைய ஃபீல்ட் டெஸ்ட் (பார்வைப் பரப்புச் சோதனை), ஓசிடி (நரம்பு இழையின் தடிமனைக் காட்டும் ஸ்கேன்) காகிதங்கள், முதன்முதலில் கண்டுபிடித்தபோது இருந்த பிரஷர் அளவு, லேசர் போட்டிருந்தால் அதன் சீட்டு. தெர்மல் காகிதத்தில் வந்தவை சில வருடத்தில் வெளுத்துவிடும், போனில் படம் எடுத்து வையுங்கள். புது மருத்துவமனைக்குப் போனால் பழைய ஆஸ்பத்திரி ஃபைலைத் தர மாட்டார்கள். நகல் கேட்டு எழுதிக் கொடுத்தால் கிடைக்கும், அதற்கு ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள்.

மருந்துப் பெயரை நினைவில் வைத்துச் சொல்வதை விட, பாட்டில்களையும் மாத்திரை அட்டைகளையும் அப்படியே எடுத்துப் போவது மேல். குறிப்பாகச் சொல்ல வேண்டியவை:

- புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் மாத்திரை. இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபரேஷன் நடுவில் பாப்பா (கண்ணின் நடுவில் உள்ள கருந்துளை) சுருங்கி, அதைச் சுற்றியுள்ள கருந்திரை தளர்ந்து தொல்லை தரலாம். முன்பே நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும்.
- ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. நீங்களாக நிறுத்தாதீர்கள்.
- ஆஸ்துமா, இதயத் துடிப்புக் குறைவு. டிமோலால் சொட்டு மருந்து இவர்களுக்கு ஆகாது.
- சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு. காரணம் 8-ல் வருகிறது.

4. பரிசோதனைகள்: வரிசை முக்கியம்

ஒரு நாள் முழுக்கப் போகும். கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். பாப்பா விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் தெரியாது, வெயிலில் கண் கூசும். டூவீலரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவருவதை விட பஸ்ஸோ ஆட்டோவோ மேல்.

அந்தச் சொட்டை விடுவதற்கு முன் நடக்க வேண்டியவை மூன்று. பிரஷர் அளப்பது, ஃபீல்ட் டெஸ்ட், கண்ணில் ஒரு சிறு லென்ஸை வைத்து நீர் வடியும் கோணத்தைப் பார்ப்பது. கோணம் குறுகலாக உள்ள கண்ணில் பாப்பாவை விரித்தால் பிரஷர் திடீரென்று ஏறலாம். சொட்டு விடுகிற சிஸ்டர் கூட்டத்தில் வரிசையாக விட்டுக்கொண்டே வருவார். "எங்களுக்குக் கிளாக்கோமா, கோணம் பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கண்ணைக் காட்டுங்கள்.

ஃபீல்ட் டெஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. இருட்டறையில் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, தாடையைத் தாங்கியில் பொருத்தி, ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். நடுவில் ஒரு மஞ்சள் வெளிச்சம். அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் சின்னப் புள்ளிகள் மின்னும். தெரிந்தால் கையில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். வயதானவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், புள்ளியைத் தேடிக் கண்ணை உருட்டுகிறார்கள். இல்லாவிட்டால், "எல்லாம் தெரியுதுன்னு காட்டணும்" என்று தெரியாததற்கும் அழுத்துகிறார்கள். இரண்டிலும் ரிப்போர்ட் வீண். நல்ல கண் உள்ளவர்களுக்கே பாதிப் புள்ளிகள் தெரியாத மாதிரிதான் இந்தச் சோதனை அமைக்கப்பட்டிருக்கிறது. தெரியாவிட்டால் பதற வேண்டாம் என்று உள்ளே போகுமுன் சொல்லி அனுப்புங்கள். ஹம்ஃப்ரி மெஷினில் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் சோதனை நின்று காத்திருக்கும். கண் எரிந்தால் அப்படி நிறுத்தி நாலு முறை இமைத்துவிட்டுத் தொடரலாம். முதல் முறை செய்பவர்களுக்கு முடிவு பெரும்பாலும் மோசமாக வரும், அடுத்த முறை தேறும்.

ரிப்போர்ட்டில் சராசரி இழப்பு என்று ஒரு எண் டெசிபல் கணக்கில் மைனஸில் இருக்கும். பொதுவான கணக்குப்படி மைனஸ் 6 வரை ஆரம்பம், 6 முதல் 12 வரை நடுத்தரம், 12-ஐத் தாண்டினால் முற்றியது. ஆனால் புரை இருக்கும்போது இந்த எண் பொய் சொல்லும். மங்கிய லென்ஸ் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். அதில் எவ்வளவு நரம்பினால் என்பது கலந்து கிடக்கும். ஓசிடிக்கும் இதே கதி. புரை அடர்த்தியாக இருந்தால் படத்தின் தரம் குறைந்து, நரம்பு இழை உண்மையில் இருப்பதை விட மெலிந்த மாதிரி காட்டும். எனவே புரையோடு எடுத்த ரிப்போர்ட்டை வைத்து "கிளாக்கோமா திடீர்னு கூடிடுச்சு" என்று யாராவது பயமுறுத்தினால், "புரையினால் இருக்குமா?" என்று திருப்பிக் கேட்கலாம்.

நடுப்பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் 24-2 என்ற வழக்கமான சோதனையோடு 10-2 என்ற சோதனையும் கேளுங்கள். அது நடு 10 பாகையை மட்டும் நெருக்கமாக அளக்கும். படிக்க முடியுமா, முகம் தெரியுமா என்ற கேள்விக்கு அதுதான் பதில் சொல்லும். டார்ச் அடித்து இரண்டு கண்ணின் பாப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். செலவில்லாத சோதனை, எந்தக் கண்ணின் நரம்பு அதிகம் கெட்டிருக்கிறது என்பதைப் புரை எவ்வளவு அடர்ந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

மற்றவை சட்டென்று முடியும்: லென்ஸ் பவர் கணக்கிட ஏ-ஸ்கேன், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈசிஜி. கண்ணீர்க் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். தொண்டையில் இறங்குவது தெரிந்தால் அடைப்பில்லை. அதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அப்பா "ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லி இன்னொரு தடவை குத்து வாங்கினார்.

நம் தென்னிந்தியாவில் இன்னொன்று அதிகம்: லென்ஸின் மேல் வெள்ளைத் தூள் மாதிரி படிகிற நிலை. எக்ஸ்ஃபோலியேஷன் என்று சீட்டில் எழுதுவார்கள். அந்தக் கண்ணில் பிரஷர் ஏறும் வாய்ப்பு அதிகம், பாப்பா சரியாக விரியாது, லென்ஸைப் பிடித்திருக்கும் நார்கள் பலவீனமாக இருக்கும். ஃபைலில் அந்த வார்த்தையைப் பார்த்தால் அனுபவமுள்ள சர்ஜனைக் கேட்டு வாங்குங்கள்.

5. புரை மட்டுமா, இரண்டும் சேர்த்தா?

ஒன்றிரண்டு சொட்டு மருந்திலேயே பிரஷர் அடங்கியிருந்தால் புரை மட்டும் எடுப்பார்கள். அதனாலேயே பிரஷர் கொஞ்சம் குறைவதும் உண்டு, சிலருக்கு 2 முதல் 4 புள்ளி வரை. கோணம் மூடிய வகைக் கிளாக்கோமாவில் இந்தப் பலன் இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே வழியை அடைப்பதே தடித்துப்போன லென்ஸ்தான். 2016-ல் வெளியான ஈகிள் என்ற ஆய்வில், இந்த வகையில் 50 வயதைக் கடந்தவர்களுக்குப் புரை இல்லாத லென்ஸை எடுத்ததே, கருந்திரையில் லேசரால் துளை போடுவதை விட நல்ல பலன் தந்தது. உங்களுக்கு எந்த வகை என்று தெரியாமல் இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று நான்கு மருந்து விட்டும் அடங்காவிட்டால், அல்லது நரம்பு ரொம்பக் கெட்டிருந்தால், புரையோடு நீர் வடிய வழி செய்யும் டிராபெகுலெக்டமியையும் சேர்த்துச் செய்யச் சொல்லலாம். மேல் இமைக்கு அடியில் சிறு கொப்புளம் போல் ஒரு வடிகால் இருக்கும். அதில் பார்வை தெளிய வாரக்கணக்கில் கூடுதல் நாள் ஆகும், ஆஸ்பத்திரி நடையும் அதிகம், கண்ணாடிப் பவரும் அலைபாயும். பக்கத்துப் படுக்கைக்காரரோடு ஒப்பிட்டு நொந்துகொள்வது பெரும்பாலும் இவர்கள்தான்.

அந்த ஆபரேஷன் ஏற்கெனவே ஆனவர்களுக்கு இப்போது புரை எடுத்தால், பழைய வடிகால் சுருங்கிப் பிரஷர் மறுபடி ஏறக்கூடும். இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்று கேளுங்கள். ஆறு மாதமாவது பொறுப்பது வழக்கம்.

6. லென்ஸ் தேர்வில் மயங்க வேண்டாம்

கவுன்சலிங் அறையில் அட்டையில் லென்ஸ்களை விலைவாரியாகக் காட்டுவார்கள். அதிக விலை என்றால் அதிகப் பார்வை என்று மனசு சொல்லும். கிளாக்கோமாக் கண்ணுக்கு அது பொருந்தாது.

"கண்ணாடியே வேண்டாம், தூரம் கிட்டம் ரெண்டும் தெரியும்" என்று விற்கப்படும் மல்டிஃபோக்கல் லென்ஸ், உள்ளே வருகிற வெளிச்சத்தைப் பங்கு போடுகிறது. கிளாக்கோமாவில் ஏற்கெனவே மங்கலில் பொருளைப் பிரித்தறியும் திறன் குறைந்திருக்கும். இந்த லென்ஸ் அதை இன்னும் குறைக்கும். சாதாரண மோனோஃபோக்கல் போதும். தூரத்துக்கு லென்ஸ், படிக்கக் கண்ணாடி. மிச்சமான பணம் சொட்டு மருந்துக்கு ஆகும்.

கண் நீளம் குறைந்த, கோணம் மூடிய வகைக் கண்களில் லென்ஸ் பவர் கணக்குக் கொஞ்சம் பிசகும் வாய்ப்பு உண்டு. அதைக் கண்ணாடியில் சரிசெய்துகொள்ளலாம், ஆபரேஷன் தோல்வி அல்ல.

7. பணம், காப்பீடு, மாநில எல்லை

அரசு மருத்துவமனைகளில் புரை ஆபரேஷன் லென்ஸோடு இலவசம். தனியாரில் விலையைத் தீர்மானிப்பது மூன்று: பேகோவா (மெஷினால் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பது) கையால் செய்யும் சிறு துளை முறையா; மடிக்கிற லென்ஸா மடியாததா; அறை வேண்டுமா. "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். ஃபீல்ட் டெஸ்ட், ஓசிடி, ஏ-ஸ்கேன், ஆபரேஷனுக்குப் பிந்தைய மருந்து, கண்ணாடி, மறுபார்வை ஓபி ஆகியவை பேக்கேஜுக்குள் உண்டா என்று தனித்தனியாகக் கேட்டு, அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல், பஸ்ஸில் அரை மணி போனால் வேறு அரசாங்கம். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது, பாண்டியில் செல்லும் என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அட்டை எண்ணைக் கொடுத்து, "இந்த ஆபரேஷனுக்கு, இந்த ஆஸ்பத்திரியில், இந்த அட்டை ஆகுமா?" என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அட்டையே இல்லாதவர்களுக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கடலூர் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். வருமானச் சான்றுக்கே நாளாகும், ஆபரேஷன் தேதிக்கு முந்தின வாரம் தொடங்கினால் முடியாது.

தனியார் பாலிசியில் இரண்டு வலைகள். பெரும்பாலான பாலிசிகளில் புரைக்கு 2 வருடக் காத்திருப்புக் காலம். அது முடிந்திருந்தாலும் ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும். அதற்கு மேல் நம் கைக்காசு. அன்றே வீட்டுக்கு அனுப்பும் ஆபரேஷன் என்பதால் படுக்கவில்லை என்று மறுக்க மாட்டார்கள். ஏ-ஸ்கேன் ரிப்போர்ட்டும், வைத்த லென்ஸின் ஸ்டிக்கரும் கேட்பார்கள். பவரும் வரிசை எண்ணும் உள்ள அந்தச் சின்ன ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டியிருக்கிறதா என்று வெளியே வருமுன் பாருங்கள்.

8. ஆபரேஷன் அன்றும் மறுநாளும்

காலையில் வழக்கமான பிரஷர் சொட்டை விடலாமா என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள். பாப்பாவைச் சுருக்கும் பைலோகார்பின் விடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஆபரேஷன் கால் மணி, அரை மணியில் முடியும். கிளாக்கோமாக்காரர்களுக்குக் கவனம் தேவைப்படுவது அதற்குப் பிறகு வரும் முதல் 24 மணி நேரம். கண்ணுக்குள் பயன்படுத்தும் ஜெல்லின் மிச்சம் நீர் வடியும் வழியை அடைத்துப் பிரஷரை எகிறச் செய்யலாம். நல்ல நரம்பு அதைத் தாங்கும். நைந்த நரம்பு தாங்காது. அதனால் அன்றைக்கே அசிட்டசோலமைடு மாத்திரை கொடுப்பது வழக்கம், டயமாக்ஸ் என்றால் மருந்துக்கடையில் தெரியும். விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது கூடாது.

மறுநாள் கட்டு அவிழ்த்ததும் எழுத்துப் பலகையைக் காட்டி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தால், "பிரஷர் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டு அந்த எண்ணைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வீடு விருத்தாசலம், திட்டக்குடி பக்கம் என்றால் முதல் இரவு அங்கேயோ, பாண்டியில் உறவுக்காரர் வீட்டிலோ தங்குவது உத்தமம். ராத்திரி தலைவலி, வாந்தி, கண்வலி சேர்ந்து வந்தால் வாயுக்கோளாறு என்று சோடா குடித்துப் படுக்காமல் உடனே திரும்பிப் போக வேண்டும்.

9. முதல் மாதம்: சொட்டு மருந்துக் குழப்பம்

அதிகம் பேர் தடுமாறுகிற இடம் இதுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் ஆபரேஷனுக்கான மருந்து மட்டும் அச்சாகியிருக்கும்: கிருமிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஒன்று. பழைய பிரஷர் மருந்து அதில் இல்லை என்றால் நிறுத்தச் சொன்னதாக அர்த்தமில்லை. லடானோபிரோஸ்ட் வகை மருந்துகளைச் சில டாக்டர்கள் சில வாரம் நிறுத்திவைப்பார்கள், விழித்திரை நடுவில் நீர் கோக்காமல் இருக்க. வேறு சிலர் தொடரச் சொல்வார்கள். எது உங்களுக்கு என்று கேட்டு, இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஆபரேஷன் ஆகாத கண்ணுக்குப் பழைய மருந்து ஒரு நாளும் விடுபடக் கூடாது.

எங்கள் வீட்டில் காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒரு கட்டம் போட்டு, வலது, இடது, மணி, மருந்து மூடியின் நிறம் என்று எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினேன். அப்பாவுக்குப் பெயரெல்லாம் நிற்காது; "மஞ்சள் மூடி ஆச்சா?" என்றால் நிற்கும்.

ஆபரேஷன் ஆன கண்ணுக்குப் புதுப் பாட்டில். ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் 5 நிமிடம் இடைவெளி. விட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்தில் விரலால் 2 நிமிடம் அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது.

ஸ்டீராய்டு சொட்டை 4 முதல் 6 வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கிளாக்கோமா உள்ளவர்களுக்கு அந்த மருந்தே பிரஷரை ஏற்றும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், அதுவும் வலி, சிவப்பு எதுவும் இல்லாமல். முதல் வார மறுபார்வையையும் ஒரு மாத மறுபார்வையையும் "நல்லாத்தானே தெரியுது" என்று தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான். கண் கொஞ்சம் உறுத்துகிறது என்று காலி ஸ்டீராய்டு பாட்டிலைக் காட்டினால் மருந்துக்கடையில் சீட்டே கேட்காமல் அதையே மறுபடி கொடுப்பார்கள். எங்களுக்கும் ஒரு கடையில் கொடுத்தார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பார்வை திடீரென்று குறைந்தாலோ, வலியும் சிவப்பும் கூடினாலோ, பீளை தள்ளினாலோ அன்றைக்கே போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும். வடிகால் ஆபரேஷனும் சேர்த்து ஆனவர்களுக்கு இந்த விதி வாழ்நாள் முழுக்க.

10. கண்ணாடியும் புது ஃபீல்ட் டெஸ்ட்டும்

பவர் நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும், சேர்த்துச் செய்தவர்களுக்கு இன்னும் கூட. அதற்கு முன் கண்ணாடி போட்டால் காசு இரண்டு முறை.

கண்ணாடி வாங்கியதோடு பலர் நடையைக் கட்டிவிடுகிறார்கள். புதுக் கண்ணாடியோடு, சில மாதத்துக்குள் ஒரு ஃபீல்ட் டெஸ்ட்டும் ஓசிடியும் எடுத்துவிடுங்கள். புரை கலக்காத முதல் கணக்கு அதுதான். இனி வருடா வருடம் ஒப்பிட வேண்டியது இதோடு, பழசோடு அல்ல. சராசரி இழப்பு எண் நல்லபடியாகக் குறைந்திருந்தால் அந்தப் பங்கு புரையினுடையது. அப்பாவுக்குச் சாம்பல் நிறம் முழுக்க வெளுத்து, மேல்பாதியில் ஒரு கருப்பு வளைவு மட்டும் பளிச்சென்று மிஞ்சியது. முன்பு அது மொத்த மங்கலில் மறைந்து கிடந்திருக்கிறது.

மற்றக் கண்ணுக்குத் தேதி கேட்பதை, முதல் கண்ணின் ஒரு மாதப் பிரஷர் தெரிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

11. எதிர்பார்த்த அளவு தெரியவில்லை என்றால்

முதலில் சரிசெய்யக்கூடிய காரணங்களைக் கேட்டு ஒதுக்குங்கள்: கண்ணாடிப் பவர், கண் உலர்தல், விழித்திரை நடுவில் நீர் கோத்தல். சில மாதமோ வருடமோ கழித்து மறுபடி மங்கினால், லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு வெளுத்திருக்கலாம். யாக் லேசரில் சில நிமிட வேலை. அதற்குப் பிறகும் பிரஷர் ஏறலாம், அன்றே அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இது எதுவும் இல்லை, நரம்புதான் காரணம் என்றால், குறைபார்வைப் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரக் கேளுங்கள். உருப்பெருக்கி, நல்ல மேசை விளக்கு, வண்ணக் கண்ணாடி எல்லாம் அங்கே போட்டுப் பார்த்து வாங்கலாம். வீட்டில் கீழ்ப்பார்வை போனவர்களுக்குப் படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு. வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுத்துப் பலகையின் எண்ணை வைத்து முடிவெடுக்காமல் ஃபீல்ட் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டைக்குத் தகுதி உண்டா என்றும் பாருங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்துப் பலகையில் நன்றாகப் படித்தாலும், பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் கீழே சுருங்கியிருந்தால் குறைபார்வை, 10 பாகைக்குக் கீழே என்றால் பார்வையின்மை. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும். விண்ணப்பத்தை யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இணையதளத்தில் பதிந்து, கண்ணாடியோடு எடுத்த புது ஃபீல்ட் ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொண்டு, முகவரி எந்த மாவட்டமோ அந்த மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சிகிச்சை பாண்டியில் ஒரு அரசு மருத்துவமனையில் நடந்திருந்தால், அங்கேயே விண்ணப்பிக்கவும் விதியில் இடம் உண்டு, கேட்டுப் பாருங்கள்.